ஹைதுக் வெல்கோ: "தலையைத் தருவேன், கிராயினாவைத் தரமாட்டேன்"

வழிப்பறிக் கொள்ளையராக இருந்து, பிறகு கிளர்ச்சிப் படையின் தளபதியாக மாறிய செர்பியர் யாராவது உண்டா, அப்படிப்பட்ட ஒருவரை அந்த மக்கள் ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

ஒருவர் இல்லை, பலர் உண்டு. 1804-ல் உஸ்மானியத் துருக்கியரின் ஆட்சிக்கு எதிராகச் செர்பியாவில் வெடித்த முதல் கிளர்ச்சியின் தளபதிகளில் பலர் காட்டில் இருந்து வந்தவர்கள். தலைவர் கராஜோர்ஜேகூட ஒரு காலத்தில் காட்டில் திரிந்தவர்தான். ஆனால் மற்றவர்கள் பதவி வந்ததும் அந்தப் பழைய பெயரை மெல்லக் கழற்றி வைத்தார்கள். ஒருவர் மட்டும் கடைசி வரை அதைப் பெயருக்கு முன்னால் பட்டம் போலச் சுமந்தார்: ஹைதுக் வெல்கோ பெட்ரோவிச். 'ஹைதுக்' என்றால் காட்டுக்கொள்ளையர். இன்றும் செர்பியாவில் வெறும் 'வெல்கோ' என்று சொல்வதை விட 'ஹைதுக் வெல்கோ' என்று சொன்னால்தான் ஆள் யாரென்று சட்டென்று புரியும்.

முதலில் ஹைதுக் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், அது புரியாமல் இவர் கதை புரியாது. செர்பிய நிலம் பல நூற்றாண்டுகளாகச் சுல்தானின் ஆட்சியில் இருந்தது. வரி கட்ட முடியாதவர், அதிகாரியை அடித்தவர், ஒரு துருக்கியரைக் கொன்றவர், பழிவாங்கக் காத்திருந்தவர், சும்மா கொள்ளைப் பொருளுக்கு ஆசைப்பட்டவர் என எல்லோரும் போய்ச் சேர்ந்த இடம் காடு. வணிகர்களை மறித்தார்கள், வரிப்பணத்தைப் பறித்தார்கள். பாட்டுகளில் ஏழைகளின் காவலர்களாக வருவார்கள். உண்மையில் செர்பியக் குடியானவரும் அவர்களிடம் இழந்ததுண்டு. பிடிபட்டால் கழுமரம்.

அவர்களுடைய வாழ்க்கை மரத்தின் இலையோடு கட்டப்பட்டது. வசந்தத்தில் இலை துளிர்த்தால் ஒளிய இடம் உண்டு, இலையுதிர்ந்தால் காடு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மே மாதத் தொடக்கத்தில் வரும் புனித ஜார்ஜ் நாளில் கூடுவார்கள், நவம்பரில் வரும் புனித திமித்ரி நாளில் பிரிவார்கள். "ஜார்ஜ் நாள் ஹைதுக் கூடும் நாள், திமித்ரி நாள் ஹைதுக் பிரியும் நாள்" என்று செர்பிய மொழியில் எதுகையோடு ஒரு பழமொழியே உண்டு. பனிக்காலம் முழுக்க அடைக்கலம் தருபவரின் வீட்டில் பண்ணையாளாகவோ ஆட்டிடையனாகவோ நடித்துக்கொண்டு இருப்பார்கள். அப்படி அடைக்கலம் தருபவருக்கு 'யாதக்' என்று பெயர். பிடிபட்டால் அவருடைய தலையும் போகும்.

வெல்கோ 1780 வாக்கில் கிழக்குச் செர்பியாவில் ஸாயேச்சார் நகருக்கு அருகிலுள்ள லெனோவாட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். ஆடு மேய்த்தவர். இளம் வயதில் இன்றைய பல்கேரியாவில் டான்யூப் கரையில் இருக்கும் வீடின் நகரத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். 1803 வாக்கில் ஸ்தனோயே கிளாவாஷ் என்ற புகழ்பெற்ற ஹைதுக் தலைவரின் கூட்டத்தில் சேர்ந்தார்.

இந்தக் காலத்தைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. பனிக்காலம். கூட்டம் கலைந்துவிட்டது. வெல்கோ ஆயுதங்களையும் நல்ல உடைகளையும் ஒளித்து வைத்துவிட்டு, ஒரு கிராமத்தில் ஆட்டிடையனாக வேலைக்குச் சேர்கிறார். அங்கே மரியா என்ற பெண்ணைக் கல்யாணமும் செய்துகொள்கிறார், தான் யார் என்று மூச்சு விடாமல். அவளைப் பொறுத்தவரை கட்டியது ஒரு ஏழை மேய்ப்பனை. பனி விலகுகிறது. ஒரு நாள் கணவன் ஒளித்து வைத்ததை எல்லாம் வெளியே எடுக்கிறான். பளபளக்கும் உடை, இடையில் செருகும் கைத்துப்பாக்கிகள். அதைப் பார்த்து அவள் மகிழவில்லை. "ஐயோ, ஒரு ஹைதுக்குக்கா வாழ்க்கைப்பட்டேன்" என்று அழுகிறாள். தன்னைப் போன்ற ஒருவனைக் கட்டிக்கொள்ள எத்தனையோ பெண்கள் ஆசைப்படுவார்களே, இவள் ஏன் அழுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. பாட்டில் வரும் ஹைதுக்கை ஊரே ரசித்தது. வீட்டுக்குள் வந்த ஹைதுக் என்றால் அது விதவைக் கோலத்துக்கு முன்னறிவிப்பு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

சரி, கிளர்ச்சிக்கு வருவோம். அப்போது பெல்கிரேட் பாஷாலிக் எனப்பட்ட மாகாணத்தைச் சுல்தானின் சொல்லுக்கும் அடங்காத, 'ஜானிசரி' எனப்பட்ட அவருடைய படைவீரர்களே கைப்பற்றியிருந்தார்கள். நல்லவர் என்று செர்பியர்களே மதித்த ஆளுநர் ஹாஜி முஸ்தபா பாஷாவை 1801-ல் கொன்றுவிட்டு, 'தாஹியே' என்ற நான்கு தலைவர்கள் மாகாணத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எதிர்ப்பு வருமோ என்ற பயத்தில் 1804-ன் தொடக்கத்தில் ஊர்த்தலைவர்களையும் செல்வாக்குள்ளவர்களையும் தேடித் தேடித் தலையை வெட்டினார்கள். தலைகள் பெல்கிரேட் கோட்டையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அடக்குவதற்காகச் செய்த காரியமே தீயை மூட்டியது. பிப்ரவரியில் ஓராஷாட்ஸ் என்ற கிராமத்தில் தப்பியவர்கள் கூடினார்கள்.

யார் தலைமை ஏற்பது? முதலில் கேட்டது வெல்கோவின் தலைவரான கிளாவாஷைத்தான். அவர் மறுத்துவிட்டார். நான் ஹைதுக், என் பின்னால் வந்தால் 'வீடு வாசல் இல்லாதவனை நம்பிப் போனார்கள்' என்று மக்கள் பேசுவார்கள் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். அடுத்து ஓராஷாட்ஸ் ஊர்த்தலைவர் தியோதோசியேயைக் கேட்டார்கள். நாளைக்குத் துருக்கியரோடு சமாதானம் பேச நேர்ந்தால் ஊர்த்தலைவன் ஒருவன் மிச்சம் இருக்க வேண்டாமா என்று அவரும் ஒதுங்கினார். கடைசியில் கராஜோர்ஜே. அவருக்குக் காட்டு வாழ்க்கையும் தெரியும், ஊர் வாழ்க்கையும் தெரியும். பன்றி வணிகர், 1788-ல் தொடங்கிய ஆஸ்திரிய-துருக்கியப் போரில் தொண்டர் படையில் சண்டையிட்டவர்.

காட்டிலிருந்தவர்கள் இல்லாமல் இந்தக் கிளர்ச்சி ஒரு மாதம்கூட நின்றிருக்காது என்பது என் கருத்து. ஆயுதம் கையில் இருந்ததும், இரவில் நடக்கத் தெரிந்ததும், பெரிய படைக்கு முன்னால் கால் நடுங்காமல் நிற்கத் தெரிந்ததும் அவர்களுக்குத்தான். ஆஸ்திரியப் படையில் பழகியவர்கள் ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள், ஹைதுக்குகள் துணிச்சலைக் கொண்டுவந்தார்கள். இவை இரண்டும் கடைசி வரை ஒன்றாகக் கலக்கவில்லை. வெல்கோவின் வாழ்க்கை முழுவதும் அந்த இடைவெளியில்தான் ஓடியது.

அவருடைய ஆட்டம் தொடங்கியது கிழக்கு எல்லையில். 1807-ல் தன் சொந்த மண்ணான ஸ்ர்னா ரேகா பகுதியைக் கிளர்ச்சிக்குள் இழுத்தார். பெயருக்குப் 'கருப்பாறு' என்று பொருள். அப்புறம் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன ஸோக்கோபான்யா அவர் பொறுப்பில் வந்தது. சின்னக் கூட்டம், வேகமான குதிரை, எதிர்பாராத இரவில் தாக்குதல்: காட்டில் கற்ற வித்தைதான், இப்போது அதற்கு ஒரு கொடி கிடைத்தது.

அவரை நேரில் அறிந்தவர் வூக் கராஜிச். நவீன செர்பிய எழுத்துமொழியை உருவாக்கிய அதே வூக். கிளர்ச்சிக் காலத்தில் அந்த எல்லைப் பகுதியில் அலுவலராக வேலை பார்த்தவர், பிறகு 1826-ல் வெல்கோவின் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். இவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதுதான். அந்தச் சித்திரம் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், நண்பரைப் போல எழுதினாலும் வூக் எதையும் மூடி மறைக்கவில்லை. சில காசுக்காக உயிரைப் பணயம் வைப்பார், கிடைத்ததை அன்றே வாரி இறைத்துவிடுவார் என்கிறார். வெல்கோவே தன் கொள்கையை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்: என்னிடம் இருக்கும்போது யார் வேண்டுமானாலும் என்னோடு சாப்பிடலாம், குடிக்கலாம், என்னிடம் இல்லாதபோது, வைத்துக்கொண்டு தராதவன் பாடு திண்டாட்டம். தான் உயிரோடு இருக்கும் வரை செர்பியாவில் போர் ஓயக்கூடாது, தான் செத்த பிறகு அமைதி வரட்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்வாராம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு உணர்வும் சேர்ந்தே வரும். இப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எந்தக் கிளர்ச்சியும் ஜெயிக்காது. இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு எந்த நாட்டையும் நடத்தவும் முடியாது.

கராஜோர்ஜே அந்த நேரத்தில் ஒரு நாட்டை நடத்தத்தான் முயன்றுகொண்டிருந்தார். 1805-லேயே ஆட்சிக்குழு ஒன்று அமைந்துவிட்டது, நீதிமன்றங்கள் வந்தன. பெண்ணிடம் முறைகேடாக நடந்தான் என்ற குற்றத்துக்காகச் சொந்தத் தம்பி மரின்கோவையே தூக்கிலிட்டவர் அவர். அப்படிப்பட்டவரிடம் வெல்கோவின் கொள்ளை, குடி, பெண் விவகாரம் பற்றிய புகார்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு முறை கடும் போர் முடிந்து பெல்கிரேடுக்கு வந்த வெல்கோவை அழைத்து அதைப் பற்றித்தான் விசாரித்தார்கள். வெல்கோ மனம் நொந்து போனார். உடம்பில் எத்தனை காயம், எத்தனை நல்ல தோழர்களை இழந்தாய், உனக்குக் கீழே எத்தனை குதிரைகள் சுடப்பட்டன என்று கேட்பார்கள் என நினைத்து வந்தேன், இவர்கள் எத்தனை பெண்களோடு பழகினாய் என்று கேட்கிறார்களே என்று புலம்பியதாக வரலாறு. எனக்கு இதில் வெல்கோவின் பக்கம் முழுதாகச் சாய முடியவில்லை. அந்தப் பெண்களின் வீட்டார் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

1811-ல் கராஜோர்ஜே பெரிய தளபதிகளின் அதிகாரத்தை வெட்டிக் குறைத்தார். பெரிய வட்டாரங்கள் துண்டுகளாக்கப்பட்டன. எதிர்த்த மிலென்கோ ஸ்டோய்கோவிச்சும் பேதர் டோப்ர்ன்யாட்ஸும் நாடு கடத்தப்பட்டார்கள். அந்த மாற்றத்தில்தான் வெல்கோவுக்கு நெகோடின் கிடைத்தது. அந்த ஊர் இருக்கும் பகுதிக்குப் பெயர் 'கிராயினா', அதாவது எல்லைச் சீமை. டான்யூபும் திமோக் ஆறும் சேரும் மூலை, சதுப்பு நிலம் சூழ்ந்த சிறு ஊர், எதிரே துருக்கியரின் வீடின் கோட்டை. டான்யூபுக்கு அப்பால் இருந்த ரஷ்யப் படையோடு தொடர்பு வைத்துக்கொள்ளவும் இந்த வழி தேவை. செர்பியாவின் கிழக்கு வாசல் என்றே சொல்லலாம். அந்த வாசற்படியில் உட்கார வைக்க, ஓய்ந்திருக்கத் தெரியாத இவரைத் தேர்ந்தெடுத்தது கராஜோர்ஜேயின் புத்திசாலித்தனம்.

நெகோடினில்தான் ஸ்தானா அவர் வாழ்க்கையில் வந்தார். பக்கத்து ஊரான சிகோலேயில் 1795-ல் பிறந்தவர். 'சூச்சுக் ஸ்தானா', குட்டி ஸ்தானா என்பது மக்கள் வைத்த பெயர். 'சூச்சுக்' என்பது துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. ஆண் உடை போட்டுக்கொண்டு, குதிரையேறி, துப்பாக்கியோடு வெல்கோவின் பக்கத்தில் நின்று சண்டையிட்டவர். ஹைதுக்கைக் கட்டியதற்காக அழுத மரியாவையும், ஹைதுக்கோடு சேர்ந்து போருக்குப் போன ஸ்தானாவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பத்து ஆண்டுகளுக்குள் அந்தச் சமூகம் எவ்வளவு தூரம் நடந்துவிட்டது என்று தெரியும்.

1812-ல் எல்லாம் தலைகீழானது. நெப்போலியன் படையெடுத்து வருகிறான் என்றதும், ரஷ்யா துருக்கியோடு புக்கரெஸ்ட்டில் அவசர அவசரமாக உடன்படிக்கை செய்துகொண்டு படைகளைத் திரும்ப அழைத்தது. செர்பியர்களுக்கு மன்னிப்பும் உள்நிர்வாக உரிமையும் என்று ஒரு விதி, அவ்வளவுதான் பாதுகாப்பு. 1813 கோடையில் குர்ஷித் பாஷாவின் தலைமையில் துருக்கியப் படைகள் மூன்று திசையிலிருந்து வந்தன: மேற்கே திரினா ஆற்றுப்பக்கம், தெற்கே மொராவா பள்ளத்தாக்கு, கிழக்கே வீடினிலிருந்து நெகோடின்.

வெல்கோவிடம் இருந்தது மூவாயிரம் பேர் அளவுக்கு. வந்த படை அதைப் போலப் பல மடங்கு. ஊரைச் சுற்றி மண்மேடு, மரக்கழி அரண், அகழி, காவற்கோபுரங்கள். பெரிய கோபுரத்துக்கு 'பாபா ஃபின்கா', அதாவது ஃபின்கா பாட்டி என்று பெயர். வெல்கோ பகலில் ஊருக்குள் தடுத்து நிற்பார், இரவில் வெளியேறி முகாமைத் தாக்குவார். துருக்கியர்கள் தூங்க முடியாமல் தவித்தார்கள். ஆனால் நாள் போகப் போகப் பதுங்குகுழிகளை வெட்டிக்கொண்டே பீரங்கிகளை நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். கோபுரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. வெல்கோ தங்கியிருந்த கோபுரமும் இடிந்தது. அவர் அதன் அடியிலிருந்த நிலவறைக்கு இறங்கி, அங்கிருந்து போரை நடத்தினார்.

பிறகு குண்டு தீர்ந்தது. ஊரில் ஈயம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கை வைத்தார்கள். சாப்பாட்டுக் கரண்டிகள், தட்டுகள், விளக்குகள். எல்லாம் உருக்குச் சட்டியில் போய்த் துப்பாக்கிக் குண்டுகளாக வெளியே வந்தன. அதுவும் தீர்ந்த ஒரு கட்டத்தில் பீரங்கிக்குள் நாணயங்களைப் போட்டுச் சுட்டார்கள். சில காசுக்காக உயிரைப் பணயம் வைத்த மனிதர் காசையே வெடிமருந்தோடு சேர்த்து வாரி வீசிய இந்த இடத்தில், படிக்கும்போது நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன்.

உதவி கேட்டு ஆள் அனுப்பினார். பெல்கிரேடில் செல்வாக்கோடு இருந்த ம்லாதென் மிலோவனோவிச்சின் கையில் அது இருந்தது. ம்லாதென் சொன்ன பதில் செர்பிய வரலாற்றில் ஆறாத புண்ணாக நிற்கிறது: வெல்கோவின் விருந்து மேசையில் பத்துப் பாடகர்கள் அவர் புகழைப் பாடுகிறார்கள், எனக்கு யாரும் பாடுவதில்லை, அப்படியானால் அந்த வீரரே சமாளித்துக்கொள்ளட்டும். பாட்டைப் பற்றிய பொறாமை ஒரு எல்லையையே விலையாகக் கேட்டது. கடைசியில் வெடிமருந்தோடு ஒரு படகு டான்யூப் வழியாக அனுப்பப்பட்டது. அது வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது.

இந்த நாட்களோடுதான் அந்தப் புகழ்பெற்ற வாக்கியமும் சேர்ந்திருக்கிறது: "தலையைத் தருவேன், கிராயினாவைத் தரமாட்டேன்." செர்பியக் குழந்தைகள் பள்ளியிலேயே கற்கும் வரி. வெல்கோவைப் பற்றி வேறு எதுவும் தெரியாதவர்களுக்கும் இது தெரியும்.

ஒரு காலை. வழக்கம் போல அரண்களைச் சுற்றிப் பார்க்க வருகிறார். இரவு அடியில் சிதைந்திருந்த ஒரு சிறிய மண் அரணைச் சரிசெய்யச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். எதிர்ப்பக்கத்திலிருந்து பீரங்கிக் குண்டு நேராக அவர் உடம்பில் பாய்கிறது. "விடாதீர்கள்..." என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது. பக்கத்தில் இருந்த ஆட்கள் செய்த முதல் காரியம், கையில் கிடைத்த புல்லை அள்ளி உடலின் மேல் போட்டு மூடியதுதான். அவர் செத்தார் என்று தெரிந்தால் அந்த நிமிடமே அரண் உடைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். பகல் முழுக்க அந்தப் புல்லுக்கடியில் கிடந்தார். இருட்டிய பிறகு தேவாலயத்துக்குப் பக்கத்தில் ரகசியமாகப் புதைத்தார்கள். தம்பி மிலுதின் பொறுப்பேற்றார். ஆனால் செய்தியை எத்தனை நாள் மறைக்க முடியும்? ஐந்து நாள் தாங்கினார்கள். பிறகு சதுப்பு நிலம் வழியாகத் தப்பி ஓடினார்கள். கிழக்கு வாசல் திறந்துவிட்டது. அக்டோபரில் கராஜோர்ஜேயே ஆற்றைக் கடந்து ஆஸ்திரியாவுக்குள் தஞ்சம் புகுந்தார். ஒன்பது ஆண்டுக் கிளர்ச்சி முடிந்தது.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி: ஏன் கொண்டாடுகிறார்கள்? அந்தக் கிளர்ச்சியில் அவரை விடத் திறமையான தளபதிகள் இருந்தார்கள், அவரை விட நேர்மையானவர்கள் நிச்சயம் இருந்தார்கள். ஆனால் சொன்னதை அப்படியே உடம்பால் செய்து காட்டியவர் அவர். தலையைத் தருவேன் என்றார், தந்தார். கிராயினாவைத் தரமாட்டேன் என்றார், உயிர் இருந்த வரை தரவில்லை. வூக் அவரை எடைபோட்டபோது, கிரேக்கக் காவிய வீரர் அகிலீஸும் மிலோஷ் ஒபிலிச்சும் வாழ்ந்த காலத்தில் இவர் அவர்களுக்குத் தோழராக இருந்திருப்பார் என்று எழுதினார். மிலோஷ் ஒபிலிச் என்பவர் 1389 கொசோவோப் போரில் சுல்தானைக் கொன்றதாகச் செர்பியர்கள் பாடும் வீரர். அதைவிடப் பெரிய பாராட்டு ஒரு செர்பியரின் வாயிலிருந்து வர முடியாது. ஆனால் அதில் இன்னொன்றும் இருக்கிறது: இவர் பழைய காலத்து மனிதர், அரசு அலுவலகமும் வரிப்பதிவேடும் வரும் புதிய காலத்தில் இவருக்கு நாற்காலி இல்லை. வூக் அதை உணர்ந்துதான் எழுதினார் என்று நினைக்கிறேன்.

1815-ல் மிலோஷ் ஒப்ரெனோவிச் தலைமையில் இரண்டாம் கிளர்ச்சி வந்தது. அவர் சண்டையை விடப் பேச்சுவார்த்தையை நம்பியவர். கிளாவாஷை அதே ஆண்டு துருக்கியர்கள் கொன்றார்கள். கராஜோர்ஜே 1817-ல் ரகசியமாகத் திரும்பி வந்தபோது மிலோஷின் ஆணையால் தூக்கத்திலேயே கொல்லப்பட்டார். நெகோடினும் அதைச் சுற்றிய சீமையும் 1833-ல், வெல்கோ இறந்து இருபது ஆண்டுகள் கழித்து, தன்னாட்சி பெற்ற செர்பியாவோடு சேர்ந்தன.

ஸ்தானா அதைப் பார்க்க அங்கே இல்லை. போர் தோற்றதும் நாட்டை விட்டுப் போன அவர், பிறகு ஜார்ஜாகிஸ் ஒலிம்பியோஸ் என்ற கிரேக்கத் தளபதியை மணந்தார். அவரும் துருக்கியரை எதிர்த்தவர். 1821-ல் மோல்டாவியாவின் ஸெக்கு மடாலயத்தில் சுற்றி வளைக்கப்பட்டபோது, சரணடைய மறுத்து வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தன்னையும் சேர்த்து மாய்த்துக்கொண்டார். இரண்டு கணவர்களையும் இரண்டு கிளர்ச்சிகளுக்குக் கொடுத்த அந்தச் சிகோலே கிராமத்துப் பெண், 1850-ல் ஏதென்ஸில் இறந்தார்.